உளவியல் கலையா, அறிவியலா, மருத்துவமா? உதவித்தொகைப் படிவம் தரும் விடை

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் உத்தரவு போட்டது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் உள்ளிட்ட பாடங்களை இனி எந்தக் கல்வி நிறுவனமும் தொலைநிலைப் படிப்பாகவோ இணையவழிப் படிப்பாகவோ நடத்தக் கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே இது நடைமுறைக்கு வரும் என்றது. துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கென 2021இல் தேசிய ஆணையம் ஒன்றை அமைத்த சட்டத்தின் வரம்புக்குள் இந்தப் பாடங்கள் வருகின்றன என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

உத்தரவு வந்ததும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கத் தொடங்கிய கேள்வி வேறு. உளவியல் இனிச் சுகாதாரப் படிப்பு என்றால், செவிலியம், மருந்தியல் படிப்பவர்களுக்குரிய உதவித்தொகை உளவியல் மாணவருக்கும் உண்டா? பட்டத்தில் பி.எஸ்சி. என்று இருக்கிறதே, அறிவியல் மாணவருக்கான மத்திய அரசின் பெரிய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா? உளவியலுக்கென்றே தனி உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா?

மூன்றுக்கும் சுருக்கமான விடை சொல்லிவிடலாம். முதல் கேள்விக்கு, பெரும்பாலும் இல்லை. இரண்டாவதற்கு, இல்லை. மூன்றாவதற்கு, இளங்கலை மட்டத்தில் அரசிடம் அப்படி எதுவும் கிடையாது. கட்டுப்பாடு விதிக்கும்போது உளவியலை மருத்துவத்தோடு சேர்க்கும் அரசு, பணம் கொடுக்கும்போது அதைக் கலைப் பாடத்தோடு உட்கார வைக்கிறது. இது எப்படி நேர்கிறது, இதற்கிடையிலும் ஒரு மாணவருக்கு எங்கிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். இங்கே வரும் தொகைகளும் வரம்புகளும் 2025-26 கல்வியாண்டு வரைக்குமான விதிகளின்படி.

முதலில் சொற்கள்

'ஸ்காலர்ஷிப்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

1. கல்வி உதவித்தொகை: படிக்கும் காலத்தில் ஆண்டுதோறும் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் பணம். திருப்பித் தர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

2. கட்டண விலக்கு: பணம் கைக்கு வராது. கல்லூரி கேட்க வேண்டிய கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும், அல்லது கட்டியதைத் திருப்பித் தரும்.

3. ஆய்வு உதவித்தொகை: முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கானது. இளங்கலை மாணவருக்குக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்காகச் சில வாரங்களுக்குக் கிடைக்கும் சிறு தொகையையும் சில நிறுவனங்கள் இதே பெயரில் அழைக்கின்றன.

4. விருது, பரிசு, பதக்கம்: செய்து முடித்த ஒன்றுக்குக் கிடைப்பது. தொகை இருக்கலாம், வெறும் சான்றிதழாகவும் இருக்கலாம்.

5. வட்டி மானியம்: கல்விக்கடனுக்கான வட்டியை அரசு ஏற்பது. அசலை நாம்தான் கட்ட வேண்டும். விளம்பரங்களில் இதையும் 'உதவித்தொகை' என்றே எழுதிவிடுகிறார்கள்.

இவற்றில் முதல் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே ஒரு கணக்குப் போடும்போது அது புரியும்.

ஒரே பாடம், பல முகவரிகள்

இந்தியாவில் உளவியலின் வயது நூறைத் தாண்டிவிட்டது. கல்கத்தா பல்கலைக்கழகம் 1916இல் அதற்குத் தனித் துறை தொடங்கியது. 1924இல் இந்திய உளவியல் சங்கம் உருவானது. இந்திய அறிவியல் மாநாட்டில் 1920களிலேயே உளவியலுக்குத் தனிப் பிரிவு கொடுத்தார்கள். அதாவது இயற்பியலாளரும் வேதியியலாளரும் கூடிய அதே பந்தலில் உளவியலாளருக்கும் அன்றே இடமிருந்தது.

இன்றைய நிலவரம் இப்படி:

1. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தால் பி.ஏ. பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் படித்தால் பி.எஸ்சி. பாடத்தின் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

2. முதுகலை முடித்து ஆய்வுக்குப் போக விரும்பினால், எழுத வேண்டியது பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நெட்' எனும் தேசியத் தகுதித் தேர்வு. அறிவியல் பாடங்களுக்கு அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் (சி.எஸ்.ஐ.ஆர்.) நெட் தனியாக உண்டு; அதன் பட்டியலில் உளவியல் இல்லை. ஆய்வு நிதி கேட்க முதன்மையாகப் போக வேண்டிய இடமும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு.

3. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் குழுமம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது.

4. மற்ற உளவியலாளர்கள் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நடத்தைசார் சுகாதார அறிவியல்' என்ற தொகுதியில் வருகிறார்கள். சமூகப் பணியாளரும் ஆலோசகரும் அதே தொகுதியில்தான்.

ஆக, பட்டத்தில் அறிவியல், ஆய்வில் சமூக அறிவியல், தொழிலில் சுகாதாரம். வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கு ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயர் இருப்பவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். உளவியல் மாணவர் உதவித்தொகைப் படிவத்தின் முன் அமரும்போது படுவதும் அதுதான். படிவம் கேட்பது அவர் மூளையைப் பற்றிப் படிக்கிறாரா, மனத்தைப் பற்றிப் படிக்கிறாரா என்பதை அல்ல. மூன்று அடைமொழிகளைத்தான் அது தேடுகிறது: அடிப்படை அறிவியல், தொழிற்படிப்பு, முழுநேரம்.

முதல் அடைமொழி: அடிப்படை அறிவியல்

மத்திய அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' திட்டத்தில் இளங்கலை, ஒருங்கிணைந்த முதுகலை மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 ரூபாய் நேரடி உதவி. 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பணிக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் அந்தந்தத் தேர்வு வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து, அடிப்படை அறிவியல் பாடம் எடுத்துப் படிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம்.

அடிப்படை அறிவியல் எது என்பதற்குத் திட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பதினெட்டுப் பாடங்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், புள்ளியியல், நிலவியல், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வளிமண்டல அறிவியல், கடல் அறிவியல் என்று நீளும் அந்தப் பட்டியலில் மானிடவியல் இருக்கிறது. உளவியல் இல்லை.

இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மானிடவியல் சேர்ந்திருப்பதில் தவறு காண முடியாது. உடல்சார் மானிடவியல் உயிரியலை ஒட்டியது. ஆனால் அதே தர்க்கத்தில் பார்த்தால், நரம்பு மண்டலம், புலனுணர்வு, சோதனை வடிவமைப்பு, புள்ளியியல் என்று பருவம் பருவமாகப் படித்து, ஆய்வகத்தில் பதிவேடு எழுதி, செய்முறைத் தேர்வும் எழுதும் உளவியல் ஏன் வெளியே நிற்கிறது? வளாகத்தில் அடுத்த கட்டடத்தில் விலங்கியல் படிக்கும் தோழி, அதே மதிப்பெண்ணுடன், மூன்று ஆண்டுகளில் 2,40,000 ரூபாய் வரை பெற முடியும். உளவியல் மாணவிக்கு அந்தப் படிவத்தில் தன் பாடத்தைத் தேர்வு செய்யவே வழியில்லை. பி.எஸ்சி. என்ற மூன்றெழுத்து இங்கே எதையும் மாற்றாது. பட்டியல் பார்ப்பது பாடத்தை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளை முதுகலை ஆய்வு நல்கைக்கான துறைகளில் உளவியலையும் சேர்த்திருக்கிறது. இளங்கலை மாணவருக்கான அதன் கோடைக்கால ஆய்வுத் திட்டங்களிலும் உளவியல் ஆய்வகங்கள் உண்டு. இணையத்தில் 'உளவியல் மாணவருக்கான உதவித்தொகை' என்று தேடினால் வரும் நீண்ட பட்டியல்களில் பெரும்பாலானவை அங்குள்ள குடிமக்களுக்கும் அங்கே படிப்பவர்களுக்கும் உரியவை. நம் ஊர் மாணவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து ஏமாறுவது வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் அடைமொழி: தொழிற்படிப்பு

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அதிகம் குழப்பம் ஏற்படுத்துவது இந்தச் சொல்தான். 'முதல் பட்டதாரிக்குக் கட்டணம் இல்லையாமே' என்று கேள்விப்பட்டு, இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு உளவியல் சேர வருகிறவர்கள் உண்டு. அந்தச் சலுகை, ஒற்றைச்சாளர முறையில் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் சேருவோருக்கு உரியது. கலை அறிவியல் கல்லூரியின் பி.எஸ்சி. உளவியலுக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஏற்பாடும் தொழிற்படிப்புகளுக்கு மட்டும்.

கடனிலும் இதே கதை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பிரதமர் வித்யாலட்சுமி' திட்டத்தில், தரவரிசையில் முன்னுள்ள கல்வி நிறுவனங்களில் சேருவோருக்குப் பிணை இல்லாக் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை இருந்தால், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை. பாடம் எதுவாக இருந்தாலும் இதுவரை சரி. ஆனால் 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்தில் முழு வட்டியையும் ஏற்கும் இன்னொரு திட்டம் இருக்கிறது. அது தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும். ஏழ்மையில் முன்னால் நிற்கும் உளவியல் மாணவருக்கு அந்த முழு வட்டி மானியம் கிடைக்காது. 3 விழுக்காட்டோடு அவர் நின்றுவிட வேண்டும், அதுவும் அவருடைய கல்லூரி அந்தத் தரப் பட்டியலில் இருந்தால்.

ஆதிதிராவிடர் மாணவருக்கான, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய (போஸ்ட் மெட்ரிக்) கல்வி உதவித்தொகை எல்லாப் பாடங்களுக்கும் உண்டு. அதற்குள்ளும் தொழிற்படிப்பு என்ற கோடு ஓடுகிறது. படிப்புகளை நான்கு பிரிவாக வகுத்து, ஆண்டு உதவியை இப்படி வைத்திருக்கிறார்கள்:

முதல் பிரிவு: உயர் தொழிற்படிப்புகள். விடுதி மாணவருக்கு 13,500 ரூபாய், மற்றவர்க்கு 7,000.

இரண்டாம் பிரிவு: செவிலியம், மருந்தியல், மறுவாழ்வு, நோயறிதல் போன்ற துணை மருத்துவப் படிப்புகள், சட்டம் முதலியவை. 9,500 மற்றும் 6,500.

மூன்றாம் பிரிவு: முதல் இரண்டிலும் வராத பட்டப்படிப்புகள். 6,000 மற்றும் 3,000.

நான்காம் பிரிவு: பட்டம் அல்லாத படிப்புகள். 4,000 மற்றும் 2,500.

பி.ஏ., பி.எஸ்சி. உளவியல் மூன்றாம் பிரிவு. வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்பது மாதம் 250 ரூபாய். கட்டாயக் கட்டணங்கள் இதற்கு மேல் தனியாகக் கிடைக்கும் என்பதால்தான் இத்திட்டத்துக்கு மதிப்பு.

மூன்றாம் அடைமொழி: முழுநேரம்

இதில் அதிகம் விளக்க ஒன்றுமில்லை. மத்தியத் திட்டம், மாநிலத் திட்டம், தனியார் அறக்கட்டளை என எதுவாக இருந்தாலும் பெரும்பாலானவை 'முறையான, முழுநேரப் படிப்பு' என்றே கேட்கின்றன. வேலை பார்த்துக்கொண்டு தொலைநிலையில் உளவியல் படித்தவர்களுக்கு உதவித்தொகைக் கதவுகள் ஏற்கெனவே ஏறக்குறைய மூடித்தான் இருந்தன. குறைந்த கட்டணமே அவர்களுக்கு இருந்த ஒரே உதவித்தொகை. 2025இன் உத்தரவு அதையும் எடுத்துவிட்டது. ஆலோசனைக்கு வருபவரின் உயிரோடு விளையாடக் கூடாது என்ற நோக்கில் நேரடிப் பயிற்சியைக் கட்டாயமாக்குவது நியாயம்தான். ஆனால் அந்த மாணவர்கள் முழுநேரக் கல்லூரிக்கு மாறுவதற்கான செலவு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் இடமில்லை.

ஒரு விளக்கம்: பல பாடங்களைச் சேர்த்து வழங்கும் பி.ஏ. போன்ற பட்டங்களில், உளவியல் என்ற சிறப்புப் பாடம் மட்டுமே நீக்கப்படும். மற்ற பாடங்கள் தொடரலாம்.

பாடம் கேட்காத கதவுகள்

மேலே சொன்னவற்றைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டியதில்லை. உளவியல் என்ற சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டு, பாடத்தைப் பொருட்படுத்தாத திட்டங்களைத் தேடினால் கணிசமாகவே இருக்கிறது.

1. கல்லூரி, பல்கலைக்கழக மாணவருக்கான மத்தியத் துறை உதவித்தொகை. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாக வழங்கப்படுகிறது. இளங்கலையின் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தம் பிரிவில் தேறியவர்களின் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. ஒதுக்கீடு அறிவியல், வணிகவியல், கலை என 3:2:1 விகிதத்தில் நடக்கிறது. ஆனால் இது பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த பிரிவைப் பொறுத்தது. கல்லூரியில் எடுக்கும் பாடத்தை அல்ல. உளவியலுக்கு எல்லாப் பிரிவிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். உயிரியல் எடுத்து, நீட் கிடைக்காமல் உளவியலுக்கு வந்த மாணவி அறிவியல் ஒதுக்கீட்டில் போட்டியிடுவார். அதே வகுப்பில் அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வரலாற்றுப் பிரிவு மாணவர் ஆறில் ஒரு பங்கான கலை ஒதுக்கீட்டில் போட்டியிடுவார்.

2. ஆதிதிராவிடர், பழங்குடியினர் உதவித்தொகை. வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். ஆதிதிராவிடருக்கான தொகையை மேலே பார்த்தோம். மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடருக்குத் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து வழங்குகிறது.

3. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கான தமிழ்நாடு அரசின் இலவசக் கல்வித் திட்டம். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிப்பவருக்குப் பெரிய நிபந்தனைகள் இன்றிக் கட்டணங்கள் ஏற்கப்படும். மற்ற உதவிகளுக்கு 2.5 லட்சம் வருமான வரம்பு வரும்.

இங்கே உளவியல் மாணவருக்கென்றே ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. உதவிபெறும் கல்லூரி என்பதாலேயே அங்குள்ள எல்லாப் படிப்புகளும் உதவிபெறுபவை ஆகிவிடாது. பழைய பாடங்கள் உதவிபெறும் பிரிவிலும், பின்னர் தொடங்கியவை சுயநிதிப் பிரிவிலும் நடக்கும். பல கல்லூரிகளில் உளவியல் பின்னர் வந்த பாடம். ஆகவே சுயநிதிப் பிரிவில் இருக்கிறது. சேர்க்கைக்கு முன்பே அலுவலகத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: 'இந்த இடம் எந்தப் பிரிவில் வருகிறது?' கல்லூரியின் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்தால், முதல் பருவக் கட்டணத்தின்போதுதான் உண்மை தெரியும்.

4. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவியருக்கு 2022 செப்டம்பர் 5ஆம் நாளும் மாணவருக்கு 2024 ஆகஸ்ட் 9ஆம் நாளும் தொடங்கப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. சாதி, வருமானம், பாடம் எதையும் இது கேட்பதில்லை. தொலைநிலைப் படிப்புக்குக் கிடையாது.

5. மாற்றுத்திறனாளி மாணவருக்கான மத்திய உதவித்தொகை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு, 2.5 லட்சம் வருமான வரம்புக்குள்.

6. தனியார் அறக்கட்டளைகளில் பெரியது ரிலையன்ஸ் பவுண்டேஷன் வழங்குவது. முதலாண்டு முழுநேர இளங்கலை மாணவர் 5,000 பேருக்கு, படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை. பன்னிரண்டாம் வகுப்பில் 60 விழுக்காடு, குடும்ப வருமானம் 15 லட்சத்துக்குள், 2.5 லட்சத்துக்குள் உள்ளோருக்கு முன்னுரிமை. எந்தப் பாடமானாலும் சரி. திறனறித் தேர்வு ஒன்று எழுத வேண்டும். உளவியல் மாணவர் தம் துறை உருவாக்கிய கருவியாலேயே அளக்கப்படும் வேடிக்கையை இங்கே அனுபவிக்கலாம்.

எதை எடுப்பது? ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் படித்த ஆதிதிராவிட மாணவி; குடும்ப ஆண்டு வருமானம் 1.8 லட்சம், பி.எஸ்சி. உளவியல், வீட்டிலிருந்து வந்து போகிறார், நல்ல மதிப்பெண். மத்தியத் துறை உதவித்தொகைக்கும் தகுதி உண்டு, ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கும் உண்டு. 12,000 பெரிதா, 3,000 பெரிதா என்று பார்த்தால் முன்னதுதான் பெரிது. பலர் அங்கேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இப்போது கட்டணத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஆதிதிராவிடர் திட்டம் கட்டாயக் கட்டணத்தையும் தருகிறது. அப்படியானால் கணக்கு, 'கட்டணம் + 3,000' எதிர் '12,000'. ஆண்டுக் கட்டாயக் கட்டணம் 9,000 ரூபாயைத் தாண்டினாலே ஆதிதிராவிடர் திட்டம்தான் லாபம். விடுதி மாணவியானால் அந்த எல்லை 6,000 ரூபாய். சுயநிதிப் பிரிவுக் கட்டணம் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

இதோடு புதுமைப் பெண் சேருமா? வேறு உதவித்தொகை பெற்றாலும் இதைக் கூடுதலாகப் பெறலாம் என்கிறது அந்தத் திட்டம். ஆனால் மத்தியத் துறை உதவித்தொகையின் விதி நேர் எதிரானது: மாநில அரசின் உதவித்தொகை, கட்டண விலக்கு, கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறுவது உட்பட வேறு எதையும் பெறக் கூடாது என்கிறது. ஒரு கை தடையில்லை என்று காட்ட, மறு கை கூடாது என்று காட்டுகிறது. இப்படி முட்டிக்கொள்ளும்போது கடுமையான விதியைத்தான் மதித்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இலவசக் கல்வித் திட்டத்தில் கட்டண விலக்குப் பெறும் பிற்படுத்தப்பட்ட மாணவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

என் கணிப்பில், மத்தியத் துறை உதவித்தொகை உண்மையில் பொருந்துவது இடையில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு: 2.5 லட்சத்துக்கு மேலும் 4.5 லட்சத்துக்குக் கீழும் வருமானம், தனியார் பள்ளிப் படிப்பு, சுயநிதிப் பிரிவில் இடம். மாநிலத் திட்டங்கள் எதுவும் தொடாத இடம் அது.

பணம் நின்றுபோகும் இடங்கள்

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள்தான்.

1. ஆதார் இணைப்பு. வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அரசுப் பணம் ஆதார்வழி வரும்போது, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பதிவில் அந்த ஆதாருக்கு நேராக எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் போகும். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் அங்கே இருக்க முடியும். கடைசியாக இணைத்தது எதுவோ அது. பள்ளியில் திறந்து மறந்துபோன கணக்குக்கு மூன்று தவணைப் பணம் போய் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.

2. பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பின்னால், ஆதாரில் முன்னால். மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளம் இதை வேறு ஆளாகவே பார்க்கும்.

3. கல்லூரிச் சரிபார்ப்பு. மாணவர் விண்ணப்பித்ததோடு வேலை முடியாது. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தம் கணக்கிலிருந்து ஒப்புதல் அளிக்க வேண்டும். அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு.

4. புதுப்பித்தல். மத்தியத் துறை உதவித்தொகை தொடர 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் வருகையில்தான் சறுக்குகிறார்கள்.

விருதுகள்: பணம் சிறிது, பயன் பெரிது

இளங்கலை உளவியல் மாணவருக்கான விருதுகளில் நம் நாட்டில் பழையதும் உறுதியானதும் பல்கலைக்கழகத் தரவரிசைப் பதக்கம். அடுத்தது அறக்கட்டளைப் பரிசுகள். பழைய கல்லூரிகளில், என்றோ பணியாற்றிய பேராசிரியரின் நினைவாகக் குடும்பத்தார் வைத்த வைப்புத்தொகையின் வட்டியிலிருந்து, ஒரு குறிப்பிட்ட தாளில் முதல் மதிப்பெண் பெற்றவருக்குச் சில நூறு ரூபாய் தருவார்கள். தொகையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வெளிநாட்டு முதுகலை விண்ணப்பத்தில் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

சர்வதேச அளவில் தெரிந்த பெயர் 'சை கை'. 1929இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய உளவியல் மாணவர் கௌரவ அமைப்பு இது. இளங்கலை மாணவரின் ஆய்வுக்குப் பரிசும் நல்கையும் தருகிறது. ஆனால் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினராக, படிக்கும் கல்லூரியில் அதன் கிளை இருக்க வேண்டும்.

பணம் கேட்கும் விருதுகள் இன்னொரு வகை. 'சிறந்த இளம் ஆய்வாளர்' என்று தேர்வாகியிருப்பதாக மின்னஞ்சல் வரும். பதிவுக் கட்டணம் செலுத்தினால் கேடயமும் சான்றிதழும் அனுப்புவார்கள். தேர்ந்தெடுத்தவர் யார், எந்தப் படைப்புக்காக என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்காது. கடையில் கேடயம் வாங்கிப் பெயர் பொறித்துக்கொள்வது இதைவிட மலிவு.

இனி வகைப்பாடு மாறினால்?

2021ஆம் ஆண்டுச் சட்டம் முழு வீச்சில் நடைமுறைக்கு வரும்போது, உளவியல் படிப்புகளுக்குப் பாடத்திட்ட விதிகளும் பதிவேடுகளும் வரும். இந்திய மறுவாழ்வுக் குழுமமும் தன் பங்குக்கு மருத்துவ உளவியலில் நான்காண்டு பி.எஸ்சி. சிறப்புப் பட்டத்தை அறிமுகப்படுத்தியிருக்கிறது. இவற்றால் உதவித்தொகையில் என்ன மாறலாம்?

ஆதிதிராவிடர் திட்டத்தின் இரண்டாம் பிரிவில் 'மறுவாழ்வு போன்ற துணை மருத்துவப் படிப்புகள்' என்ற சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மறுவாழ்வுக் குழுமமே அங்கீகரித்த பட்டம் அதற்குள் வர வேண்டும் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. வந்தால் விடுதி மாணவருக்கு 6,000 என்பது 9,500 ஆகும்; மற்றவர்க்கு 3,000 என்பது 6,500 ஆகும். அதேபோல, தொழிற்படிப்பு என்ற முத்திரை கிடைத்தால் முழு வட்டி மானியத்துக்கும் வழி பிறக்கும். மறுபக்கம், கல்லூரிகள் கூடுதல் பயிற்சி வசதி, பேராசிரியர் எண்ணிக்கை என்று காரணம் காட்டிக் கட்டணத்தை உயர்த்தும். கட்டணம் உடனே ஏறும். பிரிவு மாற்றத்துக்குத் துறைகளுக்கிடையே கோப்பு நகர வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் சேரும் மாணவர்கள் சுகாதாரப் படிப்புக்குரிய கட்டணத்தைக் கட்டி, கலைப் படிப்புக்குரிய உதவித்தொகையை வாங்குவார்கள்.

எந்தப் படிப்பு எந்தப் பிரிவு என்று முடிவெடுப்பது உதவித்தொகை வழங்கும் துறை. 'எங்கள் படிப்பை இரண்டாம் பிரிவில் சேருங்கள்' என்று அங்கீகார ஆணையை இணைத்து எழுதிக் கேட்க வேண்டியது கல்லூரி நிர்வாகத்தின் வேலை. நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தில் சேரப் போகிறவர்கள் கட்டண விவரம் கேட்கும்போதே, அப்படியொரு கடிதம் போயிருக்கிறதா என்றும் கேட்டு வைக்கலாம்.